தீவு சாயாமல் பார்த்துக்கொண்டவன்

தீவு என்றால் மிதக்கும் என்று நம்பினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்துகொண்டு நீங்கள் சிரிப்பதைவிட இப்போதே சிரித்து முடித்துவிட்டால் எனக்கும் வேலை குறைச்சல்.

ஒன்பது வயது எனக்கு. திருத்தணியில் பிறந்த பையனுக்கு அந்த வயதில் இரண்டு விஷயம்தான் தெரியும். மலை, குளம். மலை நகராது. குளத்துத் தண்ணீரும் நேற்று எந்தப் படியில் இருந்ததோ அந்தப் படியில்தான் இன்றைக்கும் இருக்கும். நகர்வது தெப்பம் ஒன்றுதான். ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப்பொய்கையில் தெப்பம் சுற்றும்போது கரையில் ஒருவர் கம்பை ஆட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவார்: "எல்லாரும் ஒரே பக்கமா நிக்காதீங்கய்யா, சாய்ஞ்சிடும்." மேலே இருப்பவர்கள் உடனே ஆளுக்கு ஒரு பக்கமாக ஒதுங்குவார்கள். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாமியைவிட அவரைத்தான் உற்றுப் பார்ப்பேன்.

ஆகவே, எங்கள் பாவா, அதாவது அக்கா புருஷன், "நாலு பக்கமும் தண்ணி, நடுவுல வெறும் மணலு, அது மேல நாம நடந்துகினே இருக்கலாம்டா" என்று பழவேற்காட்டுத் தீவைப் பற்றிச் சொன்னபோது, என் மண்டைக்குள் ஒரு தெப்பம் வந்து நின்றது. பெரிய தெப்பம். மணல் கொட்டிய தெப்பம். எங்கேயோ கயிறு கட்டியிருப்பார்கள். கம்பு வைத்துக்கொண்டு கத்துகிற ஆள் அங்கே இருப்பாரா என்பது மட்டும்தான் எனக்குச் சந்தேகம். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் மண்டையில் குட்டுகிற காலம், உங்களுக்குத் தெரியாததா.

இதை இப்போது எழுதக் காரணம் எரிச்சல். எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். போன மாதம் பங்காளி வீட்டுக் காதுகுத்தில், அன்றைக்குத் தீவுக்கு வராதவர், வந்திருக்க வயதே இல்லாதவர், என்னைச் சுறா துரத்தியது என்று சொன்னார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் மறுத்தால், "உனக்குத் தெரியாது, நீ சின்னப் பையன்" என்கிறார்கள். எனக்கு முழங்கால் தேய்ந்து ஆறு மாதமாகிறது. நம் வயதுக்காரர்களின் தொல்லையே இதுதான். நேரில் பார்த்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பார்க்காதவர்கள் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காவுக்கு அந்த வருஷம் தை மாதம் கல்யாணம். பாவா பொதட்டூர்பேட்டைக்காரர், வயர்மேன். கல்யாணத்தின்போது கே.ஜி.கண்டிகைப் பக்கம் கம்பம் ஏறிக்கொண்டிருந்தார். பங்குனியில் அவரைப் பழவேற்காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். "மொதல்ல நான் போய் வூடு பாக்குறேன்" என்று அவர் கிளம்ப, அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்தவளை நைனா திருப்பி அனுப்ப மனம் இல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். நைனாவுக்கு, மலை கண்ணில் படாத ஊர் ஊரே இல்லை. தினமும் பல் விளக்கியதும் மலை இருக்கிற திசையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் காப்பி. திருவாலங்காட்டுக்குக் கரும்பு ஏற்றிப் போனால்கூட இரவு தங்காமல் வந்துவிடுவார்.

கடைசியில் அம்மா ஏதோ சொல்லி, ஒரு முடிவு வந்தது. வைகாசி அமாவாசைக்கு எல்லோரும் போவது. தாத்தாவுக்குக் கடலில் எள்ளும் தண்ணீரும் விட்ட மாதிரியும் ஆயிற்று, ஊரைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. நைனா வாசலில் நின்று தீர்ப்பு சொன்னார்: "மனுசன் இருக்கிற ஊரா இருந்தா வுட்டுட்டு வரேன். இல்லன்னா பாப்பா நம்ம வூட்லயே இருக்கட்டும். மாப்ள மாத்தல் வாங்கினு வரட்டும்."

மாத்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அக்கா என் காதைப் பிடித்தாள். திருகவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

"டேய். அங்க வந்து வாந்தி எடுக்கிறது, அழுவுறது, தொலைஞ்சி போறது, எதுவும் கூடாது. நைனாவுக்கு ஒரு சாக்கு கெடைச்சா போதும். உன்னால நான் இங்கியே உக்காந்துகினு இருக்கணும்னா உன்னிய சும்மா வுட மாட்டேன்."

"ஆங்" என்றேன்.

"ஆங் இல்ல. சத்தியம் பண்ணு."

மலை மேல் ஆணையாகச் சத்தியம் பண்ணினேன். இப்போது நினைத்தால், ஒரு கல்யாணத்தின் பாரத்தை ஒன்பது வயதுப் பையன் தலையில் வைத்திருக்கிறாள். வேறு யாரிடம்தான் அவள் சொல்வாள்? வீட்டில் அவள் பேச்சைக் கேட்க ஆள் நான் ஒருவன்தான்.

பஸ் பயணத்தைப் பற்றிச் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை. திருவள்ளூரில் ஒரு பஸ், பொன்னேரியில் ஒரு பஸ். அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கை விட்டு எடுக்கவில்லை. நான் சத்தியத்தைக் காப்பாற்ற வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வாயில் வந்தது உள்ளேயே போயிற்று. அக்கா அதைப் பார்த்துவிட்டு என் முதுகைத் தடவினாள். பொன்னேரி தாண்டியதும் நிலம் தட்டையாகிவிட்டது. பார்த்த இடமெல்லாம் வானம். நைனா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கழுத்து சுளுக்கிக்கொண்டது. அந்தக் குற்றமும் பழவேற்காட்டின் கணக்கில் சேர்ந்தது.

பாவா எடுத்திருந்த வீடு ஓட்டு வீடு. இரண்டு அறை. உள்ளே நுழைந்ததும் காற்றும் எங்களோடு நுழைந்து எங்களுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. சோற்றில் மணல். பாயில் மணல். நைனா குடித்த தண்ணீர் உப்புக் கரித்தது. தெருவே கருவாட்டு வாடை. நைனா ஒவ்வொன்றுக்கும் "ம்ம்" என்றார். அவர் திட்டினால் பயமில்லை. "ம்ம்" என்றால் உள்ளே சேர்த்து வைக்கிறார் என்று அர்த்தம். அக்கா அடுப்படியில் நின்று ஒவ்வொரு "ம்ம்"முக்கும் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? நான் அழவில்லை, வாந்தி எடுக்கவில்லை. என் பங்கை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நைனா வாசலுக்கு வந்து, மலை எந்தப் பக்கம் என்று பாவாவைக் கேட்டார். பாவா கொஞ்சமும் யோசிக்காமல் கையை நீட்டினார். நைனா கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டார். பிறகு அந்தத் திசையில்தான் சூரியன் எழுந்து வந்தது. திருத்தணி மேற்கே. அவர் வங்காள விரிகுடாவைக் கும்பிட்டிருக்கிறார்.

"ம்ம்" என்றார் நைனா.

பாவாவுக்கு வியர்த்துவிட்டது. "மாமா, வாங்க, தீவுக்குப் போலாம். அங்க கடலு சுத்தமா இருக்கும். அங்கியே தண்ணி விட்டுக்கலாம். எனக்கு இங்க கடலு, ஏரி எல்லாம் அத்துப்படி" என்றார். அவர் அங்கே வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாமனாரைக் கண்டால் மனிதனுக்கு என்னென்ன அத்துப்படியாகிவிடுகிறது பாருங்கள்.

பழவேற்காட்டில் இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கடல். இரண்டுக்கும் நடுவே நீளநீளமாக மணல் திட்டுகள். ஏரியும் கடலும் சேர்கிற வாயை முகத்துவாரம் என்பார்கள். அதன் பக்கத்தில் ஆள் குடியில்லாத ஒரு திட்டுக்குத்தான் பாவா படகு பேசியிருந்தார். படகுக்காரர் வற்றலாக இருந்தார், வாய் நிறைய வெற்றிலை. எங்கள் மூட்டை முடிச்சுகளைப் பார்த்துவிட்டு, எங்களையும் ஒரு மூட்டை போலவே பார்த்தார்.

"இன்னிக்கு அமாவாசை, தெரியுமா பெரியவரே?" என்றார்.

"தெரிஞ்சிதாம்பா வந்தோம்" என்றார் நைனா, கொஞ்சம் பெருமையாகவே. "எங்க அப்பாவுக்கு எள்ளு தண்ணி விடணும்."

"அமாவாசைக்குத் தண்ணி ஜாஸ்தியா ஏறும்."

"நாங்க ஏரிப் பாசனம் பண்றவங்கப்பா. தண்ணி எப்படி ஏறும், எப்படி எறங்கும்னு எனக்கா சொல்ற?"

படகுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கழியை ஊன்றித் தள்ளினார். அவருக்கு எங்களைத் திருத்துகிற உத்தேசம் எதுவும் இல்லை. எங்கள் ஏரியில் தண்ணீர் மடையைத் திறந்தால் இறங்கும், மழை பெய்தால் ஏறும். கடலுக்கு மடை யார் கையில் என்று நைனா யோசிக்கவில்லை. பாவா யோசித்திருப்பாரோ என்னவோ, வாயைத் திறக்கவில்லை.

நான் படகின் நட்ட நடுவில் உட்கார்ந்தேன், சாயக்கூடாதே என்று. தீவு தெரிந்தது. வெள்ளையாக, தண்ணீர் மட்டத்துக்கு அரை முழம் மேலே, கல்லில் ஊற்றிய தோசை போல. கயிறு எங்கே என்று தேடினேன். இல்லை. அடியில் கட்டியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்களை இறக்கிவிட்டு, "வலைய பாத்துட்டு வரேன்" என்று படகுக்காரர் போய்விட்டார்.

எரிச்சலாக எழுதிக்கொண்டு வந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். அந்த மணலில் கால் வைத்த நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மேலே சூடு, ஒரு விரல் கீழே குளிர்ச்சி. நடந்தால் கிறீச் கிறீச் என்று சத்தம். நகம் அளவு நண்டுகள் ஆளைக் கண்டதும் ஓட்டைக்குள் ஓடும், நாம் திரும்பினால் கண்ணை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும். முள் பந்து மாதிரி ஒரு காய்ந்த புல்லின் தலை காற்றில் உருண்டு உருண்டு ஓடியது. அதற்கு ராவணன் மீசை என்று பெயர் சொன்னார் பாவா. ஒன்றைத் துரத்திக்கொண்டு நான் கடல் வரைக்கும் ஓடினேன். கடலை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். என்னவோ எல்லோரும் பெரிதாகச் சொன்னார்களே என்று இருந்தது. சத்தம்தான் பெரிது. கண்ணுக்கு அது எங்கேயும் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஓடும்போதும் என் கடமையை நான் மறக்கவில்லை. நைனா இந்தப் பக்கம் நடந்தால் நான் அந்தப் பக்கம். நைனாவும் அம்மாவும் சேர்ந்து போனால் நான் இன்னும் தள்ளி, ஓரத்துக்கே போய் நிற்பேன். நைனா ஒருவரே ஒரு நெல் மூட்டைக் கனம். என்னைப் போல மூன்று பேர் வேண்டும் அவருக்கு ஈடுகட்ட. ஆகவே காலை அகட்டி, மணலில் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இவன் ஏன் கோட்டான் மாதிரி தனியா நிக்கிறான்?" என்றார் நைனா.

"வெயில்ல சுத்தினா தலைக்கு ஏறிடும். இந்தப் பக்கம் வாடா" என்றாள் அம்மா.

நான் போகவில்லை. போனால் ஆபத்து அவர்களுக்குத்தான்.

நைனா கடலில் முழுக்குப் போட்டு, தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். முகம் தெளிந்துவிட்டது. பாவா திட்டின் நடுவில் முட்டி போட்டுக் கையால் மணலைத் தோண்டினார். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. "குடிச்சிப் பாருங்க மாமா." நைனா நம்பாமல் ஒரு கை அள்ளிக் குடித்தார். இன்னொரு கை அள்ளினார்.

"உப்பு இல்லியே. நம்ம கேணித் தண்ணி மாதிரி கீதே."

கடலுக்கும் உப்பு ஏரிக்கும் நடுவில் நல்ல தண்ணீர். விவசாயிக்கு இதைவிட என்ன வேண்டும்? நைனா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அந்தக் குழியையே பார்த்தார். "பரவால்ல மாப்ளே. மனுசன் பொழைக்கலாம்" என்றார் நைனா. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பங்குனியிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அங்கேயே கதை முடிந்திருக்கலாம். சோற்றைத் தின்றுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் நாங்கள் குளத்துக்காரர்கள். குளத்துக்காரன் துணியை எங்கே வைப்பான்? கடைசிப் படியில், தண்ணீரை ஒட்டி. குளித்து எழுந்ததும் கைக்கு எட்ட வேண்டும். நைனாவும் படகை விட்டு இறங்கியதுமே அப்படித்தான் வைத்திருந்தார். புளிச்சோற்றுத் தூக்கு, மாற்று வேட்டி, அம்மாவின் பித்தளைச் சொம்பு, எல்லோருடைய செருப்பு, மலையிலிருந்து பாவாவுக்காகக் கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றையும் ஏரிப் பக்கம் தண்ணீர் ஓரத்திலேயே வைத்து, பக்கத்தில் ஒரு சவுக்குக் குச்சியும் நட்டிருந்தார். "தண்ணி இதுக்கு மேல வராது" என்று எங்களுக்கு விளக்கமும் சொல்லியிருந்தார். எல்லாம் முடிந்ததும், அதே ஏரிப் பக்கம் மீனவர்கள் போட்டிருந்த ஓலைப் பந்தல் நிழலில் போய்ப் படுத்தார். அம்மா, அக்கா, பாவா மூவரும் அதே நிழலில் உட்கார்ந்தார்கள். தீவில் நிழல் அது ஒன்றுதான்.

நான்கு பேரும் ஒரே பக்கம்.

கடல் பக்கத்து ஓரத்துக்கு ஓடிப்போய் நின்றுகொண்டு, நைனா நட்ட குச்சியைத் தூரத்திலிருந்து பார்த்தேன். குச்சி தண்ணீருக்குள் நின்றது. அதற்குப் பக்கத்தில் இருந்த மூட்டையைக் காணோம். ஏரியில், கொஞ்சம் தள்ளி, நைனாவின் செருப்பு ஒன்று மல்லாந்து போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் தாழ்ந்துவிட்டது.

வேறு என்ன நினைப்பேன்? நான்கு பேர் ஒரே பக்கம், அந்தப் பக்கம் தண்ணீர் ஏறுகிறது. தெப்பக்காரர் வருஷா வருஷம் கத்தியது இதைத்தானே. நானும் கத்தினேன். "இந்தப் பக்கம் வாங்க, எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க, சாயுது." காற்று எதிர்க்காற்று. அம்மா எழுந்து கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். நான் கூப்பிடுவது அவளுக்குத் தெரிந்தது, ஏன் என்பது தெரியவில்லை. நான் குதித்தேன். குதித்தால் இந்தப் பக்கம் கனம் கூடும் என்று கணக்கு. கையில் கிடைத்த ஈர மணலை அள்ளி அள்ளி என் காலடியில் குவித்தேன். அதுவும் கனம்தான் என்று. இப்போதும் ஒரு மணல் மேட்டைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கே என்னைத் தூக்கி வீசலாம் போல இருக்கும். தீவின் மணலை எடுத்துத் தீவின் மேலேயே போடுகிறவனை என்ன சொல்வது?

அதற்குள் இன்னொன்று நடந்தது. திட்டின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, நாங்கள் கால் நனையாமல் தாண்டி வந்த பள்ளம். முகத்துவாரப் பக்கமிருந்து அதற்குள் தண்ணீர் நுழைந்தது. சத்தமே இல்லாமல், பாம்பு புற்றுக்குள் போவது போல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். தீவு இரண்டாக உடைந்துவிட்டது. அவர்கள் இருக்கிற துண்டு மூழ்கும், நான் இருக்கிற துண்டு கயிறு அறுந்து கடலுக்குள் போகும்.

சத்தியம், அக்கா, மாத்தல் எல்லாம் மறந்துபோயிற்று. வாயைத் திறந்து அழுதேன். அது எதிர்க்காற்றிலும் கேட்டது.

அம்மா "ஐயோ என் புள்ள" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நைனா எழுந்து பார்த்தார். பிள்ளை அந்தக் கரையில், நடுவே தண்ணீர். கிணற்றில் மேல்படியிலிருந்து குதித்து அடிமண்ணை அள்ளி வருகிறவர் அவர். வேட்டியை மடித்துக் கட்டினார், ஓடி வந்தார், தலைகீழாகப் பாய்ந்தார்.

பள்ளத்தில் தண்ணீர் முழங்கால் அளவு.

அவர் எழுந்தபோது மூக்கிலிருந்து மார்பு வரைக்கும் மணல் அப்பியிருந்தது. மூச்சு வரவில்லை. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அதைப் பார்த்து, அவரைச் சுழல் இழுக்கிறது என்று முடிவு பண்ணி, "மாப்ளே, மாமாவ பிடிங்க" என்று அலறினாள். கடல் அத்துப்படியான பாவா பந்தல் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத்தை, எனக்கு நீச்சல் தெரியாது."

"அத்துப்படின்னீங்களே."

"பாக்குறதுக்கு அத்துப்படி அத்தை."

அக்கா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. புடவையை இழுத்துச் செருகினாள். நைனா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தவருக்குத் தண்ணீர் மார்பு வரைதான் என்பதைப் பார்த்தாள். இறங்கி நடந்தாள். அவரைத் தாண்டும்போது, "எழுந்து நில்லுங்க நைனா" என்று மட்டும் சொன்னாள். அவர் எழுந்து நின்றார். அவள் என்னிடம் வந்து கையைப் பிடித்தாள். நான் வரமாட்டேன் என்றேன்.

"ஏண்டா?"

"நானும் அந்தப் பக்கம் வந்தா கவுந்துடும்கா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் குவித்த மணலைப் பார்த்தாள். அப்போதுதான் நான் எதற்காக நாளெல்லாம் தனியாக நின்றேன் என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. "சரி, நீ குதிச்சிட்டே இல்ல, போதும். நேராயிடுச்சி. வா" என்றாள். நடந்து வந்தோம். எனக்குத் தொடை, அவளுக்கு முழங்கால்.

படகுக்காரர் திரும்பி வந்தபோது ஐந்து பேரும் ஓலைப் பந்தலுக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்றிருந்தோம். "தண்ணி நின்னுடுச்சே, இனிமே எறங்கிடும். ஏன் இப்படி நிக்கிறீங்க?" என்றார். நைனா வெறுங்காலோடு படகில் ஏறினார். மூக்கு வீங்கியிருந்தது. கரை இறங்கியதும் பேசினார்.

"பாப்பா கெளம்பு. ஊருக்குப் போறோம். புள்ளைய வாயில போட்டுக்கப் பாத்த ஊரு இது. நீச்சல் தெரியாத ஆளை நம்பி உன்ன வுட மாட்டேன்."

பாவா தலை குனிந்தார். என் மேல் யாரும் கோபிக்கவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. என் அழுகைதான் நைனாவுக்குக் கிடைத்த சாக்கு என்பது எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்து, "நைனா, தீவு சாயல, நான்தான் தப்பா நெனைச்சேன்" என்றேன். "எவன்டா தீவு சாயும்னான்?" என்று அதற்கும் பாவாவையே முறைத்தார்.

நைனா கடலைக் கண்டு பயந்தார் என்று ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். எனக்கும் ஒரு பெண். போன வருஷம் அவளுக்கு வேலை கிடைத்து, அவளை வெளியூரில் விட்டுவர நான் போனேன். அவள் தங்கப்போகிற விடுதியில் தண்ணீர்க் குழாய் சொட்டியது. ஜன்னல் கொக்கி சரியில்லை. "ம்ம்" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நைனாவுக்கு ஊரில் குறை வேண்டியிருந்தது. சேர்த்து வைத்த குறை போதாமல், நல்ல தண்ணீர் வேறு கிடைத்துத் தொலைத்ததில் அவர் தவித்துப்போயிருந்தார். நான் அழுதது அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொன்னேரி பஸ் நின்றிருந்தது. நைனா முதலில் ஏறி, ஜன்னல் ஓரம் ஒரு இடம் பிடித்து, துண்டைப் போட்டார். அது அக்காவுக்கு. அம்மா ஏறினாள். என்னை ஏற்றினாள். அக்கா ஏறவில்லை.

"ஏறும்மா" என்றார் நைனா.

"முழங்கால் தண்ணிதான் நைனா."

"இன்னிக்கு முழங்காலு. நாளைக்கு?"

"நாளைக்கும் நான்தான் நடக்கணும். ஊர்ல இருந்தா அங்க உக்காந்துகினு இருப்பேன். இங்க நடக்கிறேன்."

"மாப்ளைக்கு நீச்சல் தெரியாது."

"எனக்குந்தான் தெரியாது. கத்துக்கிறோம்."

நைனா அம்மாவைப் பார்த்தார், ஏதாவது சொல் என்று. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற அம்மா, எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, "அவ வர மாட்டா. துண்டை எடுங்க, யாராச்சும் நின்னுகினு வராங்க பாருங்க" என்றாள். நைனா துண்டை எடுக்கவில்லை. நடத்துனர் விசில் ஊதினார். கூடையோடு ஒரு மீன்காரம்மா வந்து, துண்டைத் தானே மடித்து நைனா மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சுறா வரவில்லை. தீவு சாயவில்லை. அமாவாசைக்கு ஏற வேண்டிய தண்ணீர் ஏறியது, முழங்கால் வரைக்கும் வந்து நின்றது, இறங்கியது. பஸ் கிளம்பும்போது அக்கா கீழே பாவா பக்கத்தில் நின்றிருந்தாள். நாங்கள் மூன்று பேர் ஊர் திரும்பினோம்.